வேடந்தாங்கல் பறவைகளும் உயிர்களின் உறவுமுறையும்

நம் ஊர்களில் கோடை விடுமுறையில் நடைபெறும் சமய வகுப்புகளில் ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. ஓரறிவு உயிர் முதல் ஐயறிவு உயிர் வரை பாடம் நடத்தி முடித்ததும், எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளை ஒன்று எழுந்து, "பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார்களே, எது சரி?" என்று கேட்கும். "பள்ளிப் பாடம் தேர்வுக்கு, இது வாழ்வுக்கு" என்று சொல்லி அமர்த்திவிடுவோர் உண்டு. அறிவியலார் இன்று கண்டதை நம் ஆகமங்கள் அன்றே கூறிவிட்டன என்று பெருமிதத்தோடு முடிப்போரும் உண்டு. இவ்விரண்டும் அப்பிள்ளைக்கு விடையாகா என்பது நம் கருத்து. முன்னது வினாவைத் தட்டிக் கழிக்கின்றது, பின்னது உண்மையன்று. அறிவியலார் உயிர்களை எந்த அடிப்படையில் வகுக்கின்றனர் என்பதை முதலில் நாம் அறிந்துகொண்டால்தான், நம் மரபின் வகுப்பு எதற்காக ஏற்பட்டது என்பதும் தெளிவாகும்.

இதனை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம்மவர் மதுராந்தகத்தைக் கடந்துதான் செல்கின்றனர். நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால் வேடந்தாங்கல் ஏரி. சுமார் 30 எக்டேர் பரப்பே உடைய சிற்றேரி அது. தாங்கல் என்பது செங்கற்பட்டு வட்டாரத்தில் சிறிய ஏரிக்கு வழங்கும் பெயர். வேடர் வாழ்ந்த தாங்கல் ஆதலின் இப்பெயர் வந்தது என்பர். வேடர் பெயரைத் தாங்கிய ஊரே பறவைகளுக்குப் புகலிடமாயிற்று. ஏரியில் வேட்டையாடுவதைத் தடுக்கும்படி ஊரார் வேண்ட, 1798 ஆம் ஆண்டு செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அதற்குக் 'கவுல்' வழங்கினார். 1858 இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை உழவர் அறிந்திருந்தனர். கருணையும் பயனும் கலந்த காவல் அது. அதனால் அதன் சிறப்பு குறைந்துவிடாது. 2022 இல் இவ்வேரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பலவகைப் பறவைகள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, பெரிய கொக்கு, சின்னக் கொக்கு, வக்கா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா என்று அப்பட்டியல் நீளும். கரையில் நின்று காணும் ஒருவரிடம், இவற்றை உறவு பார்த்துப் பிரித்து வையுங்கள் என்றால் எவ்வாறு பிரிப்பார்? நெடிய காலும் நெடிய கழுத்தும் உடைய நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் ஆகியவற்றை ஒரு குவியலாக்குவார். நீந்தி மீன் பிடிக்கும் கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியவற்றை மற்றொன்றாக்குவார். கற்றறிந்தோரும் நெடுங்காலம் இதையே செய்தனர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட நூலில், நாரையையும் கொக்கையும் வக்காவையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார். கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் வேறொரு பேரினத்தில் சேர்த்தார். பின்வந்தோர் இவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தாலும், நெடுங்கால் பறவைகள் ஒரு வரிசை, நான்கு விரல்களும் சவ்வினால் இணைந்த பறவைகள் ஒரு வரிசை என்ற பாகுபாடு இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை பாடநூல்களில் நிலைத்திருந்தது. நான்கு விரலும் சவ்வினால் இணைந்திருப்பது பறவைகளில் அரிது. வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கு இடையேதான் சவ்வு உண்டு. எனவே கூழைக்கடாவும் நீர்க்காகமும் உறவென்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஆனால் ஒத்திருப்பது வேறு, உறவாக இருப்பது வேறு. ஒத்த உருவத்தைக் கொண்டு குவியல் பிரிப்பதை விடுத்து, எந்த மூதாதையிலிருந்து எவை கிளைத்தன என்பதைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்ற எண்ணத்திற்கு வித்திட்டவர் டார்வின். அவர் 1859 இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இருந்த படம் ஒன்றே ஒன்று. அது கிளை பிரியும் மரம் போன்ற வரைபடம். எனினும், கிளைகளைக் கண்டறியும் முறை என்ன என்பதைத் திட்டவட்டமாக வகுத்தவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியர். ஈக்களை ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இத்தாலியில் ஆங்கிலேயரின் போர்க்கைதியாக இருந்தபோதே தம் கருத்தை எழுதத் தொடங்கினார். 1950 இல் அது நூலாக வந்தது.

அவர் முறையை நம் வாசகர்க்கு விளக்க ஏட்டுச்சுவடியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சீவக சிந்தாமணியை 1887 இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டார் என்பதை நாம் அறிவோம். அத்தகைய ஒப்பீட்டில் எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று எப்படி அறிவது? ஒரு நூலுக்குப் பத்து ஏடுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஏழில் எல்லாச் செய்யுளும் முழுமையாக உள்ளன. மூன்றில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே இரண்டு அடிகள் விடுபட்டுள்ளன. அம்மூன்றும், அவ்வடிகளை விட்டுவிட்ட ஒரு முன்னோன் ஏட்டிலிருந்து வந்தவை என்று துணியலாம். முழுமையாக உள்ள ஏழும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை என்று சொல்ல இயலுமா? இயலாது. மூலத்தில் இருந்ததையே அவை காத்து வைத்துள்ளன. பழையதைக் காத்தது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. புதிதாக நேர்ந்த மாற்றத்தைப் பகிர்ந்துகொண்டிருப்பதே சான்று. ஹென்னிக் கூறியதன் சாரம் இதுவே.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. ஏட்டில் புள்ளி இடுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே வெவ்வேறு ஊரில் வெவ்வேறு காலத்தில் எழுதிய இருவர் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்தல் எளிது. அத்தகைய எளிய பிழையைக் கொண்டு இரண்டு ஏடுகளை உறவென்று முடிவு கட்டினால் ஏமாறுவோம். உயிர்களிலும் அப்படியே. சேற்றில் நடந்து இரை தேடும் வாழ்க்கை எந்தப் பறவைக்கு வாய்த்தாலும், தலைமுறை தலைமுறையாக நெடுங்கால் உடையவையே தழைத்து, காலப்போக்கில் அவ்வினமே நெடுங்கால் பெறும். நெடுங்கால் எளிய பிழை போன்றது. (பிழை என்னும் சொல்லை உவமைக்காகக் கொண்டோம், எவ்வுயிரும் பிழையென்று பொருள் கொள்ளலாகாது.)

இன்று அறிவியலார் ஒப்பிடுவது உண்மையிலேயே ஓர் ஏட்டைத்தான். ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட சுவடி. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது படியெடுக்கப்படும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறுகின்றது. கோடிக்கணக்கான எழுத்துகளைக் கணிப்பொறியின் துணையால் ஒப்பிட்டு, எந்த மாற்றங்களை எவை பகிர்ந்துள்ளன என்று பார்க்கின்றனர். 2014 இல் 48 பறவை இனங்களின் முழு மரபணுத்தொகுதியும் ஒப்பிடப்பட்டது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் சின்னக் கொக்கின் இனமும் அந்த 48 இல் ஒன்று. 2024 இல் இவ்வொப்பீடு 363 இனங்களுக்கு விரிந்தது.

முடிவு வியப்பானது. கூழைக்கடாவுக்கு நெருங்கிய உறவு நீர்க்காகம் அன்று. கொக்கும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனுமே. அவற்றினும் நெருங்கியவை ஆப்பிரிக்காவில் வாழும் இரண்டு நெடுங்கால் பறவைகள். ஒன்றன் அலகு மரச்செருப்பைப் போன்றது, மற்றொன்றின் தலை சுத்தியலைப் போன்றது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஒன்றுக்கொன்று உறவே. ஆனால் அவை கடற்பறவைகள் சிலவற்றுடன் தனி வரிசையாகப் பிரிந்து நிற்கின்றன. நாரைகளோ எவரோடும் சேராமல் தனித்த வரிசையாயின. ஆகவே, நத்தைகுத்தி நாரையையும் பெரிய கொக்கையும் அருகருகே ஒரே கிளையில் காணும்போது, இரண்டும் ஒரு குலம் என்று தோன்றும். உண்மையில் அக்கொக்குக்கு நத்தைகுத்தியைவிடக் கீழே நீரில் மிதக்கும் கூழைக்கடாவே நெருங்கிய உறவு. நான்கு விரலும் சவ்வால் இணைந்த அடி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்க வேண்டும். அல்லது ஒருமுறை தோன்றிச் சில கிளைகளில் மறைந்திருக்க வேண்டும். எப்படியாயினும், ஐயமற்ற சான்று என்று கருதப்பட்டது சான்றன்று என்றாயிற்று. அமெரிக்கப் பறவையியலார் தம் பட்டியலை 2010 இல் இவ்வாறே திருத்தியமைத்தனர்.

நம் தமிழ்ப் பெயர்களும் இவ்வகையில் நம்மை ஏமாற்றும். சாம்பல் நாரை என்று இன்றைய பறவை நூல்கள் குறிப்பது நாரைக் குடும்பம் அன்று, கொக்குக் குடும்பம். பெரிய கொக்கு வெண்ணிறத்தால் சின்னக் கொக்கின் தமையன் போல் தோன்றினும், அதற்கு நெருங்கியது சாம்பல் நாரையே. மாறாக, கரண்டிவாயனின் தட்டையான அலகும் அரிவாள்மூக்கனின் வளைந்த அலகும் எவ்விதத்திலும் ஒவ்வா; எனினும் இரண்டும் ஒரே குடும்பம். கரண்டிவாயனின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது குட்டையான நேர் அலகுடன்தான் வருகின்றது. கரண்டி பின்னரே விரிகின்றது. ஏரியில் வாத்துக் குஞ்சு போல் மூழ்கி எழும் முக்குளிப்பானுக்கு வாத்தோடு உறவில்லை. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் காணப்படும் நெடுங்காற் பூநாரையே அதன் நெருங்கிய உறவு என்று 2001 இல் வெளியான ஆய்வு கூறியபோது நம்பியவர் சிலரே. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. வல்லூறு பருந்தைவிடக் கிளிக்கு நெருங்கியது என்பதும் இவ்வாறே நிலைபெற்றது.

இம்முறை தவறாதது என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்கரான சிப்லியும் அல்குவிஸ்ட்டும் டி.என்.ஏ. இழைகளைச் சூடேற்றிப் பிரித்து மீண்டும் இணைத்து ஒப்பிடும் பழைய முறையால் 1990 இல் பறவைகள் அனைத்துக்கும் ஒரு வகுப்பை வெளியிட்டனர். நீர்ப்பறவைகள் பலவற்றோடு பருந்தையும் வல்லூறையும் கூட நாரை வரிசையிலேயே அடைத்துவிட்டனர். எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறை வந்தபின் அந்தப் பெருங்குவியல் கலைந்தது. ஆயினும், உருவத்தை மட்டும் நம்பாமல் சுவடியைப் பாருங்கள் என்று துணிந்து தொடங்கியவர் என்ற பெருமை அவர்க்கு உண்டு.

வேடந்தாங்கலிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை உள்ளது. ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் முயற்சியால் 1976 இல் நிறுவப்பட்டது. பறவையைக் காண வந்தோர் முதலையையும் ஏன் காண வேண்டும்? பல்லி, பாம்பு, ஆமை, முதலை எல்லாம் ஊர்வன என்று ஒரே வகுப்பில் வைத்துப் படித்திருக்கின்றோம். ஆனால் இன்று வாழும் உயிர்களுள் பறவைக்கு மிக நெருங்கியது முதலை. முதலைக்கு மிக நெருங்கியது பறவை. பல்லி இவ்விரண்டுக்கும் தொலைவில் உள்ளது. பறவைக்கும் முதலைக்கும் பொதுவான மூதாதை சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்பது மரபணு ஆய்வாளர் கணக்கு. தத்துவார்த்த சூத்திரம் கருவிற் பிறப்பவற்றை வகுக்கும்போது முட்டையில் பிறப்பவற்றைத் தனியே கூறுகின்றது. முட்டையிடுவதால் முதலையும் பறவையும் உறவு என்று சொல்லலாமோ எனின், கூடாது. பாம்பும் முட்டையிடுகின்றது, பல்லியும் இடுகின்றது. முட்டை மூல ஏட்டிலேயே இருந்த பாடம். முதலைக்கும் பறவைக்கும் நான்கு அறைகள் கொண்ட இதயம் உண்டு. பல்லிக்கு அது இல்லை. தாய்முதலை முட்டைகளுக்குக் காவல் இருந்து, உள்ளிருந்து குஞ்சுகள் எழுப்பும் ஒலி கேட்டதும் மண்ணைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டு செல்லும். சதுப்பு முதலையில் தந்தையும் இவ்வாறு செய்வதை அப்பண்ணையிலேயே கண்டு பதிவு செய்துள்ளனர்.

இனி நம் மரபுக்கு வருவோம். புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வோர் அறிவாகக் கூடி வரும் வரிசையைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. தொல்காப்பிய மரபியலும் புல் மரம் முதலாக மக்கள் ஈறாக அறிவால் உயிர்களை வகுக்கின்றது. தொல்காப்பியர் சமணர் என்று எஸ். வையாபுரிப்பிள்ளை கருதியதற்கு இப்பகுதியும் ஒரு காரணம். அதில் நண்டும் தும்பியும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதையும், பூச்சிகள் நண்டினத்தின் ஒரு கிளையே என்று இன்றைய ஆய்வு கூறுவதையும் இணைத்து, அன்றே அறிந்தனர் என்று முழங்குவோர் உண்டு. ஆனால் அதே மரபியல் கறையானையும் எறும்பையும் ஒன்றாக வைக்கின்றதே! கறையான் கரப்பான் குலத்தில் அடங்கும் என்று 2007 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. எறும்போ தேனீக்கும் குளவிக்கும் உறவு. ஒன்று பொருந்தும்போது கொண்டாடி, மற்றொன்று பொருந்தாதபோது மறைப்பது வாய்மையாகாது. சுவேதாம்பர மரபினர் போற்றும் உத்தராத்தியயன சூத்திரம் பறவைகளுள் தோற்சிறகு உடையவை, மயிர்ச்சிறகு உடையவை என்று பிரித்தமை நுட்பமான நோக்கே. ஆயினும் தோற்சிறகுடைய வௌவால் பறவையன்று, பாலூட்டி.

நம் முன்னோர் உறவு தேடி அவ்வரிசையை வகுக்கவில்லை. ஓர் உயிர் எத்தனை வாயில்களால் துன்பத்தை உணரும், அதற்கு நாம் இழைக்கும் தீங்கு எத்தகையது என்பதே அவர் வினா. இல்லறத்தார் ஓரறிவு உயிர்க்கு முற்றும் தீங்கின்றி வாழ இயலாது. நடமாடும் உயிர்களைக் கொல்லாமை அவர்க்கு விதிக்கப்பட்டது. அவ்விதிக்கு அளவுகோல் வேண்டும். அறிவின் எண்ணிக்கை அந்த அளவுகோல். அறிவியலாரின் மரமோ ஏணி அன்று. அதில் உயர்ந்த படியும் இல்லை, தாழ்ந்த படியும் இல்லை. நீர்க்காகத்தைவிட நாரை மேல் என்று அது கூறாது. மேலும் நம் கொள்கைப்படி உயிர் தன் வினைக்கேற்ப எக்கதியிலும் பிறக்கும். கொக்காய் இருந்த உயிர் கூழைக்கடா குலத்தில்தான் அடுத்துப் பிறக்க வேண்டும் என்ற நியதி இல்லை. மரபணு கூறுவது உடலின் வரலாறு, உடல் புற்கலம். உயிரின் பயணத்தை அதில் தேடுவதும், உடலின் வரலாற்றை அறிவு எண்ணிக்கையில் தேடுவதும் ஒருசேரப் பயனற்றவை.

பொருந்தாத இடங்கள் இன்னும் உள்ளன. மண்ணுடலும் நீருடலும் உடைய உயிர்களை அறிவியல் உயிராகவே எண்ணுவதில்லை. எறும்பு மூவறிவு உயிர் என்கின்றோம். உருப்பெருக்கியில் நோக்கினால் பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் இருப்பது தெரிகின்றது. கறையானில் வேலைக்காரக் கறையான்கள் பெரும்பாலும் குருடே. இதைப் பிள்ளைகள் கேட்டால் வாயடைக்கலாகாது. எறும்பை மூன்றில் வைத்தாலும் நான்கில் வைத்தாலும், அரிசியைக் களைவதற்கு முன் முறத்தில் பரப்பி அதனை ஒதுக்கி விடும் நம் வீட்டுப் பெண்டிரின் வழக்கத்தில் மாற்றம் நேராது என்று சொல்லலாம். கண் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளலாம்.

வேடந்தாங்கலுக்குச் செல்வோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஏரியில் நீர் இருக்கும்போது செல்லுதல் நன்று. காலையிலோ மாலையிலோ கரையில் நின்று, பறந்து வரும் பறவைகளின் கழுத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறப்பவை கொக்குக் குடும்பம். சாம்பல் நாரையும் வக்காவும் இதில் அடங்கும். கழுத்தை முன்னே நீட்டிப் பறப்பவை நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் ஆகியன. பெரிய உடலோடும் பையலகோடும் இருந்துகொண்டு, கொக்கைப் போலவே கழுத்தை மடக்கிப் பறந்து வரும் கூழைக்கடாவைக் காணும்போது, அது எவற்றின் உறவு என்று பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம். கழுத்தை மடக்குவது மட்டும் சான்றாகுமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், பாடம் நன்கு பதிந்தது என்று கொள்ளலாம்.